இருபத்தாறு டிகிரி முதலாளி

அவரை வெறுக்கிறேன் என்று சொன்னால் அது அவருக்குப் பெரிய மரியாதையாகப் போய்விடும். வெறுக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். எனக்கு அவர்மேல் இருப்பது இளக்காரம், அவ்வளவுதான். அதையும் அவர் முகத்துக்கு நேரே காட்டத் துணியாமல் இரண்டு வருடம் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் வந்தவன் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் திருத்தங்கலில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். அவருக்கு சிவகாசியில் வீடு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. என் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஏசி பார்க்கிறவன் என்பதால் நான் ‘ஏசி’. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் ‘செடி’. டிரைவர் ‘வண்டி’. சமையல் செய்கிற அம்மாவை, அவருடைய தாயார் வயதிருக்கும், ‘அடுப்படி’ என்று கூப்பிடுவார். “ஏலே ஏசி, மேல வா. அடுப்படி, ஏசிக்குக் காப்பி குடு.” இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே என் பெயர் மறந்துவிடும் போலிருக்கும். அதனால் அவர் பெயரை நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

அந்த வீட்டு ஹாலில் ஆறடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. வாஸ்து மீன், தங்க மீன் வளர்க்கிற தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே உயிருள்ள பவளம். பூ மாதிரி, விரல் மாதிரி, மூளை மாதிரி, ஊதாவும் பச்சையுமாக அசைந்துகொண்டிருக்கும். சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் காகிதம் வைத்திருப்பார். மழைக்கே வானத்தைப் பார்த்து நிற்கிற ஊரில் கடலைக் கொண்டுவந்து ஹாலில் வைத்த ஆள் என்று வருகிறவர்களெல்லாம் மெச்சிவிட்டுப் போவார்கள். அவரும் வேஷ்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, பெண்ணைப் பெற்றவர் சம்பந்திக்குச் சீர்வரிசை காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டுவார்.

“இதுக்கு இருபத்தாறு டிகிரிதான். மிஞ்சிப் போனா இருபத்தேழு. முப்பதுக்குப் போச்சுன்னா நிறத்தைக் கக்கிட்டு வெள்ளையாயிரும். அப்புறம் பொழைக்காது.”

சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே உடையும். அதை நான் மறைக்க மாட்டேன். பொய்யாக நடித்திருந்தால்கூட ஒரு வகையில் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த ஆள் அந்தப் பவளங்களை மனதார நேசித்தார். காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நிற்பதற்கு முன்பே தொட்டிக்கு முன்னால் போய் நிற்பார். ஒரு நாள் ஒரு சின்னப் பவளம் செத்ததற்கு மதியச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்படி உருகத் தெரிந்த மனிதர் வேறு எதற்கும் உருகவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

என்னை முதலில் கூப்பிட்டதே சூட்டுக்காகத்தான். ஹாலில் ஏசி பதினெட்டில் ஓடுகிறது. எனக்குக் காது மடல் சில்லிட்டுவிட்டது. தொட்டித் தண்ணீர் மட்டும் இருபத்தெட்டைத் தாண்டி நிற்கிறது.

“நம்ம ஊரு வெயிலு அப்படி. என்ன செய்யச் சொல்ற?” என்றார்.

சன்னல்கள் மூடி, இரட்டைத் திரை போட்டு, வெளியே வெயில் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஹால் அது. வெயில் எங்கேயிருந்து வந்தது? தொட்டிக்கு மேலே நான்கு விளக்குகள், கிரிக்கெட் மைதானத்துக்குப் போடுகிற ஜாதி. மூடியில் ஒட்டினாற்போல எரிந்துகொண்டிருந்தன. மூடி இருந்த சூட்டுக்கு அதில் தோசை ஊற்றலாம். தண்ணீருக்குள்ளே ஐந்து பம்ப். பம்ப் தண்ணீருக்குள் கிடந்தால் அதன் மோட்டார் சூடு முழுக்கத் தண்ணீருக்குத்தான் போகும். வேறு எங்கே போகும்? தொட்டிக்குக் கீழே தேக்குமரப் பெட்டி. அதற்குள் இன்னொரு சின்னத் தொட்டி, வடிகட்டி, பிறகு தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர். அந்தச் சில்லரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுடுமே, அதே மாதிரி சில்லரும் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளும். இங்கே வெளி என்பதே கிடையாது. நான்கு பக்கமும் தேக்குப் பலகை, பித்தளைக் கைப்பிடி போட்ட கதவு. தான் துப்பிய சூட்டைத் தானே மறுபடி இழுத்துக்கொண்டு அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன்: “அண்ணாச்சி, சில்லரைப் பின்பக்கச் சுவத்துக்கு வெளிய தள்ளிருவோம். ரெண்டு லைட்டைக் களட்டிருவோம், மத்த ரெண்டை ஒரு அடி தூக்கிக் கட்டுவோம். பம்ப் அஞ்சு வேண்டாம், ரெண்டு போதும், அதையும் தண்ணிக்கு வெளிய வைக்கிற மாதிரி வாங்கிக்கலாம். மூடியை எடுத்துட்டு, தண்ணி மேல காத்து படுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வச்சா பாதிச் சூடு தன்னால போயிரும். மண்பானைத் தண்ணி எப்படிக் குளுருது? அதே சங்கதிதான். ஆவியாப் போற அளவுக்கு நல்ல தண்ணி மட்டும் ஊத்திக்கிட்டே இருக்கணும். உப்பு உள்ளயே தங்கிரும்.”

அவர் பொறுமையாகக் கேட்டார். பவளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“அதெல்லாம் எதுக்கு? கூட ஒண்ணு போட்டுருவோம்.”

இதுதான் அவர். முழு மனிதரையும் இந்த மூன்று வார்த்தையில் அடக்கிவிடலாம். அவருக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியாது. ஹாலில் மூன்று கடிகாரங்கள், மூன்றும் மூன்று மணி காட்டும். தீபாவளிக்கு நான்காவது வந்தது. காருக்குக் குளிர் போதவில்லை என்று உள்ளே குட்டி ஃபேன் ஒன்றை ஒட்டவைத்தார். தொட்டிக்கு முதலில் இரண்டாவது சில்லர் வந்தது, அதே தேக்குப் பெட்டிக்குள். இப்போது இரண்டு இயந்திரங்களும் ஒன்றின் சூட்டை மற்றொன்று குடித்தன. பெட்டி மேலும் சுட்டது. பெட்டிச் சூட்டைத் தணிக்க உள்ளே ஒரு ஃபேன். ஃபேன் ஹாலுக்குள் தள்ளிய சூட்டுக்கு இரண்டாவது ஏசி. இரண்டு ஏசியும் சேர்ந்து இழுத்ததில் லைன் தாங்காமல் ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் மீன்கள் மிரண்டு பாறை இடுக்கில் போய் ஒளிந்துகொண்டன. அப்போதும் அவர் வாயில் வந்தது, “வெயிலு அப்படி.”

எனக்கு என்ன போச்சு என்று நான் ஒவ்வொன்றாக மாட்டிக் கொடுத்தேன். வேலை வருகிறது, செய்தேன். பைத்தியக்காரன் கையில் பந்தம் கொடுக்கிறோமே என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ஒரே ஒரு தடவை அவர் குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் போய் மூன்று நாள் இருந்தார். சாவியை என்னிடம் கொடுத்து, “சூடு ஏறாமப் பாத்துக்கலே” என்றார். சரி என்று நான் என் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் கழித்தேன். தேக்குக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். சில்லர் ஒன்றை நிறுத்தி, மற்றதைக் குழாயை நீட்டிக் கொல்லைப்பக்க வராந்தாவில் வைத்தேன். மூடியை எடுத்தேன். இரண்டு விளக்கை அணைத்தேன், மூன்று பம்பைப் பிடுங்கினேன். அடுப்படி அம்மா தன்னுடைய சின்ன மேசை ஃபேனைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தண்ணீர் மட்டத்துக்குச் சரித்து வைத்தேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் இருபத்தாறரை. பவளமெல்லாம் விரிந்து நின்றது. அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். “இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தனை மிஷினு?” என்றார்.

திரும்பி வந்தவர் வாசலில் நின்றபடியே முகத்தைச் சுளித்தார்.

“என்னலே இது, வீட்டுல ஏதோ வேலை நடக்கிற மாதிரி இருக்கு. கதவைக் களட்டிப் போட்டிருக்க. நாலு பேரு வந்தா என்ன நினைப்பாக?”

“சூடு குறைஞ்சிருக்கு அண்ணாச்சி. பாருங்க.”

பார்த்தார். இருபத்தாறரை. ஒரு நிமிடம் அவர் முகம் மலர்ந்தது, குழந்தை மாதிரி. பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். “ரெண்டாவது ஏசி போட்டது நல்லதாப் போச்சு பாத்தியா?” என்றார்.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் பழையபடி மாட்டினேன். அந்தத் தொட்டியில் இப்போது இருப்பது பிளாஸ்டிக் பவளம் என்று பிற்பாடு அங்கே வேலைக்குப் போன மெக்கானிக் ஒருவர் சொன்னார். விளக்கு மட்டும் நான்கும் எரிகிறதாம்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அவருடைய கம்பெனியில் என் அக்கா வேலை பார்த்தாள் என்பதை நான் அந்தத் தொட்டியோடு சேர்த்து நினைக்காதவரை.

அக்கா மருந்து செலுத்துகிற ரூமில் இருந்தாள். பட்டாசுக்குள் வைக்கிற வெடிக் கலவையைத்தான் எங்கள் பக்கத்தில் மருந்து என்போம். அதைக் காகிதக் குழாய்களில் அடைப்பது அவள் வேலை. அந்த ரூமுக்கு வெயில்தான் எமன். மருந்தில் சூடு ஏறிவிட்டால் ஒரு உரசல் போதும். அதனால் விடிந்ததும் உட்கார்ந்து, வெயில் ஏறுவதற்குள் எழுந்துவிட வேண்டும். எப்போது எழ வேண்டும் என்பதற்கு ரூம் வாசலுக்கு உட்புறம், மரச்சட்டம் போட்ட தெர்மாமீட்டர் ஒன்று தொங்கும். எண்கள் மங்கிப்போய் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. அக்கா ஒரு நாள் ரோஸ் நிற நகப்பாலிஷ் கொண்டுபோய், எழுந்திருக்க வேண்டிய அளவில் பட்டையாக ஒரு கோடு இழுத்துவிட்டாள். போர்மேனும் சரி என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த ரூம் பெண்கள் எண்ணைப் பார்ப்பதில்லை. ரசம் கோட்டைத் தொட்டால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். “கோடு தொட்டுருச்சா?” என்பதுதான் அவர்களுக்குள் மணி கேட்பது.

கூட ஒன்று போடுகிற புத்தி அங்கேயும் உண்டு. ஒரு ரூமில் நான்கு பேர்தான் என்று சுவரில் எழுதியிருக்கும். சீசனில் ஐந்தாவது ஆளை உட்கார வைப்பார். அக்கா வீட்டில் சொல்லுவாள், “உங்க அண்ணாச்சி நேத்து வந்து, கூட ரெண்டு தட்டு மருந்து வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுப் போறாக. வச்சிட்டாப் போதுமா? உக்காந்திருக்கிறது யாரு?” நான் கேட்டுக்கொண்டு சாப்பிடுவேன். ‘உங்க அண்ணாச்சி’ என்று அவள் சொல்வது சுருக்கென்று தைக்கும். ஆனாலும் மறுநாள் போய் அவர் சில்லருக்குத் தூசி தட்டுவேன்.

அந்தச் சித்திரையில் தொட்டியில் பவளம் வெளிற ஆரம்பித்தது. அவருக்கு ராத்தூக்கம் போயிற்று. தண்ணீரில் மூன்று தெர்மாமீட்டர் வைத்திருந்தார்: கண்ணாடியில் ஒட்டுகிறது ஒன்று, எண் காட்டுகிறது ஒன்று, மிதக்கிறது ஒன்று. அவருடைய கடிகாரங்கள் மாதிரி மூன்றும் மூன்று கணக்குச் சொல்லின. ஒன்று இருபத்தெட்டு என்றது, ஒன்று முப்பது, ஒன்று முப்பத்தொன்றரை. எதுவாயிருந்தாலும் சூடு சூடுதான். விளக்கை அணைக்க வேண்டியதுதானே? அவருக்கு அது தோன்றாது. எது சரியான தெர்மாமீட்டர் என்பதே அவருக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது.

ஒரு நாள் காலை ஒன்பது மணி இருக்கும். பம்ப் ஒன்று நின்றுவிட்டது என்று கூப்பிட்டுவிட்டார். போனேன். கீழ்த்தொட்டிக்குள் கையை விட்டு பம்பை எடுக்கும்போது நான்காவதாக ஒன்று நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்குவதைப் பார்த்தேன். மரச்சட்டம் போட்டது. சட்டத்தில் பட்டையாக ரோஸ் நிறக் கோடு.

“அண்ணாச்சி, இது எங்கன இருந்து வந்துச்சு?”

“நம்ம கம்பெனியிலருந்துதான். நேத்து சாயங்காலம் வண்டியை அனுப்பிக் களட்டிட்டு வரச் சொன்னேன். அதுதான்லே கரெக்டா காட்டும், ஆபீசரு வந்து பாத்துட்டுப் போனது.”

“அங்கன இன்னைக்கு என்னத்தைப் பாத்து எந்திரிப்பாக?”

அவர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வேர்த்தா தெரியாதா? பளகின ஆளுகதான. ரெண்டு நாள் பொறுத்துக்கிடட்டும். இது செத்துரும்லே.”

நான் உடனே எழுந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. எழவில்லை. கையிலிருந்த பம்பைச் சுத்தம் செய்தேன். திருகை முடுக்கினேன். மாட்டி, ஓட விட்டு, தண்ணீர் சரியாக ஏறுகிறதா என்று பார்த்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் என் தலைக்குள் அக்கா உட்கார்ந்திருந்தாள், ஐந்து பேரில் ஒருத்தியாக, வாசல் பக்கம் நிமிர்ந்து பார்த்தபடி. அங்கே வெறும் ஆணி. பம்பை விட்டுவிட்டு எழுந்துபோக முடியாமல் எது என்னைப் பிடித்து வைத்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவரை இளக்காரமாகப் பேச வரும்போதெல்லாம் இந்தப் பத்து நிமிடமும் குறுக்கே வந்து நிற்கிறது.

அக்காவுக்குப் போன் செய்ய வழியில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் போகக்கூடாது. எல்லாம் கேட்டில் பெட்டிக்குள் கிடக்கும். நூலை அறுத்துத் தெர்மாமீட்டரை எடுத்துச் சட்டையில் துடைத்தேன்.

“ஏலே ஏசி! அதை எங்கன கொண்டு போற?”

“எங்க அக்கா அந்த ரூம்ல இருக்கா அண்ணாச்சி.”

“அதுக்கு? இங்கன சாகுதுல்ல!”

சாகட்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

வெம்பக்கோட்டை ரோட்டில் அனல் முகத்தில் அறைந்தது. எந்தத் திசையில் புகை தெரிந்தாலும் அதுதானோ என்று திரும்பிப் பார்த்தேன். கருவேலங்கரி மூட்டம் போட்ட புகைதான். பாதி வழியில் ஒரு கார் என்னைத் தாண்டிப் போனது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. அவர்தான். கம்பெனியிலிருந்து போர்மேன் கேட்டுக்கு வந்து போன் போட்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. என்னைப் பார்த்திருப்பார். நிற்கவில்லை.

நான் கேட்டுக்குள் நுழைந்தபோது அந்த ரூம் பெண்கள் ஐந்து பேரும் வெளியே வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அக்கா. அவளைப் பார்த்ததும் பைக்கை ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு அவளிடம் போனேன். அவர்கள் காலையிலிருந்து உள்ளே போகவே இல்லை. போர்மேன் கெஞ்சியிருக்கிறார், அதட்டியிருக்கிறார், பக்கத்து ரூம் ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்திருக்கிறார். ஒருத்தியும் அசையவில்லை.

எனக்கு முன்பே வந்து காருக்குள் இருந்தபடியே போர்மேனிடம் பேசிக்கொண்டிருந்த அவர் அப்போதுதான் இறங்கி வந்தார். வெள்ளை வேஷ்டி, நெற்றியில் விபூதி.

“என்ன, எல்லாரும் மரத்தடியில உக்காந்திருக்கீக? லோடு நிக்குது. சீசனுக்கு ஆர்டர் எம்புட்டுக் கிடக்குன்னு தெரியுமா?”

அக்கா எழுந்து நின்றாள். “கோடு இல்லாத ரூம்ல எப்படி அண்ணாச்சி உக்காருறது?”

“நேத்து வரைக்கும் உக்காந்தீகல்ல? அதே ரூமு, அதே மருந்து.”

“நேத்து கோடு இருந்துச்சு.”

நான் தெர்மாமீட்டரை நீட்டினேன். அக்கா என்னைக் கேள்வியாகப் பார்த்தாள். சட்டத்தைத் தடவிப் பார்த்தாள், ஈரமாக இருந்தது. போர்மேன் அதை வாங்கிக்கொண்டுபோய் ரூம் வாசலுக்கு உட்புறம் அதே ஆணியில் மாட்டினார். எல்லோரும் வாசலுக்கு எதிரே வந்து நின்றோம். ரசம் மெள்ள மெள்ள ஏறியது. கோட்டைத் தொட்டது. நிற்காமல் ஏறி, கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை போய் நின்றது.

“அது தண்ணியில கிடந்ததுல கோளாறாயிருக்கும்” என்றார் அவர்.

நேற்று இதுதான் கரெக்ட் என்று வண்டி அனுப்பி எடுத்தவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் வாய் திறந்தது நானில்லை.

“அப்ப உள்ள சூடு இல்லங்கிறீகளா அண்ணாச்சி?” என்றாள் அக்கா.

“வெயிலுக் காலம்னா கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும். ஒரு மணி நேரம் பாத்துட்டு எந்திரிங்க. ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல?”

“சரி.” அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மருந்து ரூமுக்குள் செருப்போடு போகக்கூடாது. “உக்காருறோம். நீங்களும் வாங்க. அந்த மூலையில சும்மா உக்காந்திருங்க, போதும். ஒரு மணி நேரம்தான. பேசிக்கிட்டே இருந்தா போயிரும்.”

அவள் கேலியாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட உட்காரச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். வாசலைவிட்டு ஒதுங்கி அவருக்கு வழியும் விட்டாள். மற்ற நான்கு பேரும் செருப்பைக் கழற்றினார்கள்.

அவர் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். தட்டுகளில் சாம்பல் நிறத்தில் மருந்து, முந்தின நாள் அடைத்து வைத்த குழாய்கள் வரிசை வரிசையாக. கூரைத் தகரத்துக்கு மேலே காய்ந்த வெயில் உள்ளேயிருந்து வாசல் வழியாக முகத்தில் அடித்தது. அவர் ஒரு அடி பின்னால் வந்தார். கழுத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் இரண்டு அடி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளாக அவருக்குத் தெரியாது, சூடு எங்கிருந்து வருகிறது என்று விளங்காத மடையர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எவ்வளவு தூரத்தில் நின்றால் உயிருக்கு ஆபத்தில்லை என்பதுவரை தெரிந்திருக்கிறது.

“எனக்கு வீட்டுல வேலை கிடக்கு” என்றார். “போர்மேன், பாத்துக்கோ.”

கார் கிளம்பிப் போனது. போர்மேன் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா ரூம் கதவை இழுத்துச் சாத்தினாள். அன்று அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. என்னை அந்த வீட்டில் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

மறுநாள் விடியுமுன் அக்கா வழக்கம்போலக் கம்பெனி வேனில் ஏறிப் போனாள். போகாமல் வேறு எங்கே போவாள்? சுவரில் எழுதியபடி நான்கு பேர்தான் என்று, ஐந்தாவது ஆளாக இருந்த பெண்ணை நால்வரும் உள்ளே விடவில்லையாம். வேறு ரூமுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ரசம் கோட்டைத் தொட்டதும் கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்தார்கள். அன்றிலிருந்து அந்த ரூமில் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று யாரும் சொன்னதில்லை. போர்மேனும் சொல்லவில்லை. அவரும்தான். சொன்னால், அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலைவிட்டு ஒதுங்கி வழிவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.